தெரிந்தவர் வந்துகொண்டிருக்கிறார்

நெடுங்கரிசல் நீரேற்று நிலையத்துக் கம்ப்யூட்டர், தனக்குத் தெரியாத வார்த்தைக்கு மரியாதையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் அந்த ஊரில் ஆட்கள் தாமாக வர ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு அதுவும் மற்றக் கம்ப்யூட்டர்களைப் போலத்தான் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. 'திற' என்று தட்டித் தெருவின் பெயரைக் கொடுத்தால் அந்தத் தெருவுக்கு வால்வு திறக்கும். 'அடை' என்றால் அடைபடும். 'ஏற்று' என்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். இப்படிப் பழகிய வார்த்தைகள் கொஞ்சம் அதற்கு உண்டு. அவற்றை விட்டு வேறு எதைத் தட்டினாலும், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

அதன் ஆபரேட்டர் தங்கபுஷ்பம் பலசரக்குக் கடைக்காரர் மகள். அவளுடைய அப்பாவின் கடையில் 'இல்லை' என்ற சொல் புழங்கியதே கிடையாது. பெருங்காயம் தீர்ந்திருந்தால் பெருங்காயம் வந்துகிட்டிருக்கு என்பார். வெல்லம் தீர்ந்திருந்தால் வெல்லம் லாரியில் ஏத்தியாச்சு என்பார். அந்தக் கடை தோன்றிய நாளிலிருந்து விற்றே இராத குதிரை லாடத்தைக் கேட்டு ஒருவர் வந்து நின்றபோதும், உக்காருங்க, சொல்லி விடுதேன் என்றார். வாசல் ஏறி வந்த மனுசனிடம் இல்லையென்று சொன்னால், உள்ளே இருக்கிற சரக்கும் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விடும் என்பது அவர் எண்ணம். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தன் கையால் துடைத்துத் தன் கையால் இயக்குகிற ஒரு பெட்டி நாள் முழுக்க இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படித்ததில் ஒன்று நினைவிருந்தது. தெரியாத வார்த்தையைக் கேட்டதும் அது உடனே கையை விரித்துவிடுவதில்லை; இப்படி ஒரு வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை தனக்குள் திரும்பிப் பார்க்கிறது; ஒன்றும் எழுதியிராததால்தான் கையை விரிக்கிறது. ஆடிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தக் காலி இடத்தைக் கண்டுபிடித்து அவள் எழுதினாள்:

'அது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் வந்துகொண்டிருக்கிறார்.'

எழுதியது சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. முந்தின நாள் கல்யாண வீட்டு மேளம் இன்னும் காதில் இருந்ததால் 'தவில்' என்று தட்டினாள். அது எனக்குத் தெரியாது, தெரிந்தவர் வந்துகொண்டிருக்கிறார் என்றது திரை. அவளுக்குத் திருப்தி. தெற்குத் தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, தவில்காரர் சங்கரவேலு தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கூப்பிட்டியளாம்மா?"

"இல்லையே அண்ணாச்சி. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எண்ணெய் தேச்சுக் குளிக்க உக்காந்தேன், காலு எந்திரிச்சுட்டு. சரி, எங்கதான் போவுதுன்னு பாப்போம்னு நானும் பின்னாலயே வந்தேன்."

குழாய் பிட்டர் பெத்துராஜ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார், பிறகு சங்கரவேலுவைப் பார்த்தார். "வந்துகிட்டிருக்காருன்னு போட்டிருக்கு. வந்துட்டாரு. பெறகென்ன?" என்றவர், "தவில் கொண்டாரலியா?" என்றும் கேட்டார்.

"அதைக் காலு சொல்லலியேப்பா."

ஓரத்தில் கிடந்த குளோரின் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார்கள். எண்ணெய்க் கையோடு சங்கரவேலு வாசித்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் கால் லேசாகிவிட்டது என்று சொல்லி, பெத்துராஜ் நீட்டிய தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, விட்ட குளியலைத் தொடர அவர் வீட்டுக்குப் போனார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அப்படித்தான். மறுநாள் மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள், அதற்கு மறுநாள் ஜாதகத்தோடு ஒருவர் வந்தார். ஆடி முடிவதற்குள் பேரூராட்சித் தலைவி கோமதிராணி கூட்டம் போட்டு, காலையில் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் விட்டு முடித்த பிறகு பத்து மணியிலிருந்து ஊராருடைய வார்த்தைகளைத் தட்டலாம் என்று முறை வைத்தாள். வருகிறவருக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் தர வேண்டும், வந்தவர் தெரிந்ததை ஒருமுறையாவது செய்துகாட்டாமல் திரும்பக் கூடாது, வந்தவரை எதற்கு வந்தாய் என்று எவரும் கேட்கக் கூடாது என்பவை யாரும் விதிக்காமலே வந்து சேர்ந்த வழக்கங்கள். அழைப்பு வந்து நடக்கிறவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கால் முன்னால் போக, உடம்பு பின்னால் சாய்ந்து, துள்ளும் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவரைப் போல வருவார். அப்படி ஒருவர் வந்தால் மினிபஸ் ஒதுங்கி நிற்கும். வகுப்பிலிருந்து வாத்தியாரோ மாணவனோ எழுந்து போனால் யாரும் தடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுகிற இடத்தில், 'பம்பரம், அழைப்பு வந்தவர்' என்று போட்டார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண் வீட்டார் மற்றதையெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பையனுக்கு அழைப்பு ஏதும் வந்திருக்கா என்று கேட்டார்கள்.

'பொய்' என்று யாரோ விளையாட்டாகத் தட்டியதற்கு மூன்று பேர் வந்து, நான்தான் முதலில் கிளம்பினேன் என்று வாசலில் சண்டை போட்டார்கள், மூவரில் எவர் சொல்வதையும் நம்ப முடியவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒருவருக்காக 'ஆறுதல்' என்று தட்டியபோது, கறிக்கடை மைதீன் பிச்சை கையைக்கூடக் கழுவாமல் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கத்தில் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு வந்த கோமதிராணி, எல்லாரும் பார்க்கத் தன் கையாலேயே 'நேர்மை' என்று தட்டிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். வெகுநேரம் யாரும் வரவில்லை. மத்தியான பஸ்ஸில் பக்கத்து ஊரான கழுகுமேட்டுக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். ஊர் கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. பிறகு பெத்துராஜ் அவரிடம் ஊர், பேர் எல்லாம் விசாரித்துவிட்டு, அவரைப் பெற்ற தாய் நெடுங்கரிசல் வடக்குத் தெருவில் பிறந்தவள் என்று அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து போனில் பேசிய இன்ஜினியர், அப்படியெல்லாம் நடக்க வழியே இல்லை என்று விளக்கினார். தங்கபுஷ்பம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். பேசி முடிப்பதற்குள் 'பல்லாங்குழி' வந்து வாசலில் நின்றிருந்ததால் போனை வைக்க வேண்டியதாயிற்று.

ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அழைப்பு வந்துவிட்டது. தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வரவில்லை.

அவள் புருஷன் அழகுதுரை தொட்டதெல்லாம் சுருண்டு படுத்துக்கொண்ட மனுசன். கோழிக்குஞ்சு விற்றான், குஞ்சுகள் சீக்கில் போயின. இன்சூரன்ஸ் பிடித்தான், கம்பெனியே ஊரைவிட்டுப் போனது. சுவர்க் கடிகாரம், கொசுவலை, தண்ணீர் கேன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் அவனுக்கு மோர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள், பொருளை மட்டும் வாங்கவில்லை. அழைப்பு காலம் தொடங்கியதும் அவன் ஒரு பழக்கத்துக்கு வந்தான். காலையில் பத்தாவதற்குள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலை சீவி, செருப்பைத் தெருவைப் பார்த்தாற்போல வாசலில் வைத்துவிட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து சட்டையைக் கழற்றி ஹாங்கரில் மாட்டுவான். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் தம்பிக்கே 'கொட்டாவி'க்கு அழைப்பு வந்து, அவன் போய்க் கொட்டாவி விட்டு நீரேற்று நிலையத்தில் இருந்த அத்தனை பேரையும் தூங்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "என்ன அண்ணே, உனக்கு இன்னும் வரலியா?" என்று கேட்டபோதும், வரும்டா என்றுதான் அழகுதுரை சொன்னான்.

தங்கபுஷ்பம் தண்ணீர் விடுகிற இடைவெளியில் யாருக்கும் தெரியாமல் அவனுக்காக வார்த்தை தேடினாள். 'கோழிக்குஞ்சு' என்று தட்டினாள், மேலத் தெரு விதவை ஒருத்தி வந்தாள். 'கடிகாரம்' என்று தட்டினாள், போஸ்ட் ஆபீஸ் பியூன் வந்தார். அவனுக்கு நன்றாக வரும் என்று அவள் நம்பிய ரசத்தைத் தட்டினாள், அதற்கு வந்ததோ அவனுக்குச் சுத்தமாக ஆகாத ஒருத்தி. ஒருநாள் மனம் பொறுக்காமல் 'புருஷன்' என்றே தட்டிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் கிழவர் குருசாமி, பெண்டாட்டிக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"என்னம்மா, என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல தாத்தா. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"ஏதாவது செஞ்சுட்டுத்தான போவணும்? ஊர் வழக்கம்லா."

"நீங்க முறுக்கைக் கொண்டு போயி ஆச்சிக்குக் குடுங்க. அதான் வேலை."

அவர் போனபிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கம்ப்யூட்டரின் வாயில் அந்த வாக்கியத்தைப் போட்டதே அவள்தான். ஊரையே அழைத்துக்கொண்டிருப்பது அவள் விரல்கள்தான். அந்த விரல்களால் ஒரே ஒருவனை அழைக்க முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வாக்கியத்தில் 'தெரிந்தவர்' என்று இருக்கிற இடத்தில் அவன் பெயரைப் போட்டுவிடலாம். ஒரே ஒரு காலைக்கு மட்டும். பத்து மணிக்கு முதல் ஆளாக அவளே, யாருக்கும் எந்த வேலையும் இல்லாத ஒரு வார்த்தையை, 'நிழல்' என்பது போல ஒன்றைத் தட்டுவாள். அவன் வருவான், எல்லாரும் பார்க்கத் தண்ணீர் குடிப்பான், வெயிலில் நின்று நிழலைக் காட்டிவிட்டுப் போவான், அழைப்பு வந்த வீடாகிவிடும். உடனே பழையபடி மாற்றி எழுதிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை அப்படியே எழுதி வைத்தாள். வடக்குத் தெரு வால்வைக் கையால் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று வெளியே போனாள். திரும்பி வருவதற்குள், எருமைப் பால் விற்றுப் பிழைக்கிற வெள்ளத்தாய் தலைவிரிகோலமாக நீரேற்று நிலையத்துக்குள் ஓடிவந்து விழுந்திருந்தாள். அவளுடைய சினை எருமை பாழுங்கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஜீவன் அது ஒன்றுதான். மணி பத்தாகவில்லை என்று பார்க்கிற நேரமா அது? தட்டத் தெரிந்தவர் அங்கே பெத்துராஜ் மட்டும்தான் இருந்தார். 'எருமைதூக்கு' என்று தட்டினார். திரையில் வந்ததைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்.

"அது எனக்குத் தெரியாது. அழகுதுரை வந்துகொண்டிருக்கிறார்!"

அதுவரை அந்தத் திரை யார் பெயரையும் சொன்னதில்லை. ஊரில் அத்தனை பேர் நடந்து வந்திருக்கிறார்கள், ஒருவரையும் அது பேர் சொல்லி அழைத்ததில்லை. தண்ணீர்க் குடங்களோடு நின்றவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகள் அவன் வீட்டைப் பார்க்க ஓடின. "பாத்தியா, இவ்வளவு நாளா வராததுக்கு வட்டியும் முதலுமா வந்திருக்கு," என்றார் பெத்துராஜ், கண் கலங்கி.

திரும்பி வந்த தங்கபுஷ்பம் வாசலிலேயே அதைக் கேட்டாள். இப்போது உள்ளே போய் மாற்றி எழுதலாம். ஆனால் வாசித்ததை எப்படித் திரும்பப் பெறுவது? அழைப்பு வந்தவர் செய்யத் தெரியாமல் நின்றதாக அந்த ஊரில் ஒரு நாளும் நடந்ததில்லை. இன்றைக்கு அது நடக்கும். அவனுக்கு நடக்கும். எருமையும் செத்துப் போகும், அதை அவளால்தான் என்று ஊர் சொல்லாது, அவனால் என்று சொல்லும்.

தெரு முனையில் அழகுதுரை தெரிந்தான். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பக்கமும் பிள்ளைகள். அவள் அவன் நடையைப் பார்த்தாள். அவன் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கவில்லை. எதிர்க்காற்றில் நடக்கிறவனைப் போல முன்னால் குனிந்து, ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்து வந்துகொண்டிருந்தான்.

பெத்துராஜ் தம்ளரை நீட்டினார். "தண்ணி பெறகு," என்றான் அழகுதுரை. "எருமை எப்படிக் கிடக்கு? நின்னுக்கிட்டா, படுத்துக்கிட்டா?"

அழைப்பு வந்து, தண்ணீரைக்கூடத் தொடாமல் விவரம் கேட்ட ஆளை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"நிக்குது தம்பி. மூஞ்சிய மேல தூக்கிக்கிட்டு நிக்குது," என்று வெள்ளத்தாய் அழுதாள்.

"எனக்கு எருமை தூக்கத் தெரியாது," என்றான் அவன்.

கூட்டத்தில் யாரோ, "அப்பம் எதுக்குடே வந்த?" என்றார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கள்லா, அதான் வந்தேன். கூப்பிட்டா வராம இருப்பாங்களா?" என்று அந்தச் சிரிப்பு வந்த பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, "பெத்துராஜ் அண்ணே, வண்டிச் சாவியக் குடுங்க. யக்கா, நீ கிணத்தடிக்குப் போ. ஒருத்தரும் எட்டிப் பாத்துக் கூச்சல் போட வேண்டாம், அது மிரளும்," என்றான்.

பெத்துராஜின் மொபெட்டில் அவன் போனான். முதலில் போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கிற அந்தோணிராஜ் வீட்டுக்கு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மேலே தூக்குகிற இரும்பு முக்காலியும் சங்கிலிக் கப்பியும் அங்கே கொல்லையில் கிடப்பது அவனுக்குத் தெரியும்; இன்சூரன்ஸ் பேசப் போனபோது அதன்மேல் உட்கார்ந்துதான் மோர் குடித்திருந்தான். பிறகு பஞ்சுப் பொதிகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்காரர் தாணுவிடம். பொதி கட்டுகிற அகலமான சாக்குப் பட்டை, உடம்பை அறுக்காது, அவரிடம் குவிந்து கிடப்பது கொசுவலை விற்கப் போனபோது கண்டது. கடைசியாகத் தெற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த வெள்ளத்தாயின் மகள் மாரிக்கனியிடம். கோழிக்குஞ்சை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல், தாய் வீட்டு எருமையைக் கன்றிலிருந்து தான் வளர்த்ததையும், மோவாய்க்கு அடியில் சொறிந்தால் அது கல்லைப் போல நிற்கும் என்பதையும் ஒரு மத்தியானம் முழுக்க அவனிடம் சொல்லியிருந்தாள். மூன்று வாசலிலும் நின்று கும்பிட்டு, கொஞ்சம் வாரியளா, உங்களால ஒரு காரியம் ஆவணும் என்றான்.

அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் எருமை தூக்கத் தெரியாது. அந்தோணிராஜ் முக்காலியைக் கிணற்றின்மேல் நட்டுத் தாணுவின் பட்டையைச் சங்கிலியில் கோத்தார். அழகுதுரை கயிற்றைப் பிடித்துத் தானே உள்ளே இறங்கினான். மாரிக்கனியையும் இறக்கினார்கள். அவள் மோவாயைச் சொறிந்து, கன்றுக்குட்டிக் காலத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, எருமை அசையாமல் நிற்க, அவன் சேற்றில் முட்டி போட்டு அதன் வயிற்றுக்கடியில் பட்டையை விட்டு வாங்கினான். மேலே ஊரே சங்கிலியை இழுத்தது. இரண்டு பக்கமும் காது ஆட, நான்கு காலும் தொங்க, சேறு சொட்ட, எருமை கிணற்றிலிருந்து மெல்ல எழுந்து வெயிலுக்கு வந்தது. தரையில் கால் பட்டதும் கூடியிருந்த அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தான் வந்து சேர்ந்ததை எல்லாரும் கவனித்தார்களா என்று உறுதி செய்துகொண்டதைப் போலச் சாணி போட்டது.

அதற்குப் பிறகுதான் அழகுதுரை அந்தத் தம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்தான். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சேறு. அப்பன் கடையில் உட்கார்ந்து ஊரைப் பார்த்த நாளிலிருந்து அவ்வளவு அழகான சட்டையைத் தான் பார்த்ததில்லை என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது.

மத்தியானம் கூட்டம் கலைந்தபின் மோட்டார் ரூமில் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிடுகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"நான்தாங்க உங்க பேரைப் போட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காலு வரல," என்றான் அவன். "பிள்ளைங்க வந்து கத்துது, தெருவே கைதட்டுது, நான் என் காலையே பாத்துக்கிட்டு இருக்கேன். அது பாட்டுக்குச் செருப்பு மேல கிடக்கு. சரி, எம் பேரைப் போட இந்த ஊர்ல யாரு இருக்கா? நீதான். நீ கூப்பிட்டு நான் வராம இருக்க முடியுமா?" சோற்றைப் பிசைந்தான். "எல்லாரையும் அவங்கவங்க காலு கூட்டிட்டு வந்துச்சு, புஷ்பம். நான் என் காலைக் கூட்டிட்டு வந்தேன்."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"அழிச்சிரவா?"

"முதல்ல அழி. இல்லைன்னா நாளைக்குப் பிரசவத்துக்கும் என்னையத்தான் கூப்பிடும்."

அழித்தாள். பெயர் இருந்த இடத்தில் பழையபடி 'தெரிந்தவர்' என்று எழுதினாள். மறுநாள் பத்து மணிக்கு ஒரு கல்யாண வீட்டார் வந்து, விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பு வைக்க ஆள் வேண்டி, 'சொதி' என்று தட்டச் சொன்னார்கள். தெரிந்தவர் வந்துகொண்டிருக்கிறார் என்று திரையும் சொன்னது. யாரும் வரவில்லை. பதினொன்றாயிற்று. கல்யாண வீட்டார் கையைப் பிசைந்தார்கள். அழகுதுரைதான் என்னவென்று பார்த்து வருகிறேன் என்று மொபெட்டை எடுத்தான். மேலத் தெருவில் உமையாள் ஆச்சி, கால் இரண்டும் துடிக்க, செருப்பையும் மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிறாற்போல வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சி, காலு கூப்பிடுதா?"

"காலையிலேருந்து கிடந்து துள்ளுது."

"பெறகு வரலியா?"

"வாசல் வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல வர மாட்டேங்குது. அதையும் குத்தம் சொல்ல முடியாது பாத்துக்க. நேத்து அந்தோணிராஜை வீட்டு வாசல்ல வந்து கும்பிட்டுக் கூப்பிட்டியாம். மாரிக்கனியக் கூப்பிட்டியாம். எங்காலு மட்டும் என்ன இளப்பமா?"

அவன் வண்டியை நிறுத்தி இறங்கி, கும்பிட்டு, "வாரியளா ஆச்சி? உங்களால ஒரு காரியம் ஆவணும்," என்றான். ஆச்சி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கால் வாசலைத் தாண்டியது.

நெடுங்கரிசலின் கால்களுக்கெல்லாம் ரோசம் வந்துவிட்டது என்பது அன்றைக்குள் தெரிந்துபோயிற்று. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. கூப்பிட ஒரு ஆள் இருந்தால் கால் வரப் போகிறது, அவ்வளவுதானே என்றார்கள். கோமதிராணி பேரூராட்சிச் செலவில் அழகுதுரைக்கு ஒரு மொபெட் வாங்கித் தந்தாள். யாருடைய கால் துள்ளுகிறது என்பதைத் தெருவுக்குள் நுழைந்ததுமே அவன் அறிவான். செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வேலையே இல்லாததுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவரோ அவர்தான். ஒருவருக்கே முழுதாகத் தெரியாத காரியமென்றால், கால் துள்ளாதவர்களிலும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வருவான். பத்து மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார இப்போது அவனுக்கு நேரம் கிடையாது.

தை மாதத்தில் தங்கபுஷ்பம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். பத்தே காலுக்கு அவள் உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று தட்டிவிட்டாள். ஊர்ந்தது துள்ளலாயிற்று. கால் இரண்டும் எழுந்து நின்றன, அவளும் கூடவே எழுந்து நிற்க வேண்டியிருந்தது. இத்தனை நாளாக அடுத்தவர்களை அழைத்துக்கொண்டிருந்ததில், தனக்கும் அழைப்பு வரவில்லை என்பதை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வாசல் வரைக்கும் கால்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்தன. அங்கே நின்றுவிட்டன.

மொபெட் சத்தம் கேட்டது. அவன் தெரு முனையிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சொந்த வீட்டு வாசலில், உள்ளே ஏறாமல், வெளியூர்க்காரனைப் போலப் படிக்குக் கீழே நின்றான். தலையைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டான். கும்பிட்டான்.

"கழுகுமேட்டுத் தண்ணி ஆபீஸ்லேருந்து ஆளுக வந்திருக்காங்க," என்றான். "அவங்க கம்ப்யூட்டர் மூஞ்சியில அடிச்ச மாதிரியே பேசுதாம். 'மரியாதை'ன்னு பெத்துராஜ் அண்ணன் தட்டிப் பாத்தாரு." பிறகு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளை அழைத்திராத மரியாதையோடு கேட்டான்: "கொஞ்சம் வாரியளா?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தங்கபுஷ்பம் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். கால்கள் போகலாம் போகலாம் என்று துடித்தன. அவள் அவற்றை அதட்டி நிறுத்தினாள்.

"நில்லுங்க," என்றாள். "சேலை மாத்திட்டு வாரேன்."

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அரக்கு நிறப் பட்டுச்சேலையை எடுத்து, மடிப்பு மடிப்பாக வைத்து நிதானமாகக் கட்டினாள். அவன் ஹாரன் அடிக்கவில்லை.